பிணையாய் நின்ற பிள்ளை

லண்டன் மாநகரில், தேம்ஸ் நதிக்கு அருகில், நியாயவாதிகள் கூடிப் பயிலும் டெம்பிள் என்னும் பகுதி உள்ளது. காந்தியடிகள் 1888-ஆம் ஆண்டு முதல் சட்டம் பயின்று 1891-இல் பாரிஸ்டர் பட்டம் பெற்ற இன்னர் டெம்பிள் அங்கேதான் இருக்கிறது. அதனை ஒட்டி வட்ட வடிவமான பழைய தேவாலயம் ஒன்று நிற்கிறது. அதன் தரையில் கவசம் அணிந்த வீரர்களின் கல் உருவங்கள் சில மல்லாந்து கிடக்கின்றன. 1941-ஆம் ஆண்டு மே மாதத்தில் லண்டன்மீது விழுந்த குண்டுகளால் தேவாலயத்தின் கூரை எரிந்து சரிந்தது. அவ்வுருவங்களும் உடைந்து சிதைந்தன. அவ்வாறு சிதைந்தும் எஞ்சிய ஓர் உருவம், 1219-ஆம் ஆண்டில் மறைந்த பெம்புரோக் கோமகன் வில்லியம் மார்ஷலுடையது என்று கூறுவர். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது அம்மனிதனின் கதை; அவனைப் பெற்றவர்கள், அவன் பெற்றவர்கள் ஆகியோரின் கதையுங்கூட.

ஐரோப்பாவின் மத்திய காலத்துப் பிரபுக்கள் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுபவை கோட்டையும் கொத்தளமும், வாளும் கவசமுமே. அக்கவசத்துக்குள் இருந்த மனிதன் எத்தகையவன் என்று அறிய வழி காண்பது அரிது. மன்னர்களைப் பற்றி மடத்துத் துறவிகள் எழுதி வைத்தார்கள். மன்னர் அல்லாதாரைப் பற்றி எழுதுவார் இல்லை. வில்லியம் மார்ஷல் இதற்கு விலக்கு. அவன் இறந்தபின், மூத்த மகன் பொருள் உதவ, உடனிருந்த அணுக்கத் தோழன் ஏர்லி ஜான் தன் நினைவுகளைச் சொல்ல, புலவன் ஒருவன் அவனது வாழ்க்கையைப் பிரெஞ்சு மொழியில் 19,214 அடிகள் கொண்ட பெருங்கவிதையாகப் பாடினான். பல நூற்றாண்டுகள் அந்நூலை ஒருவரும் அறிந்திலர். 1861-ஆம் ஆண்டில் லண்டனில் நடந்த ஏலம் ஒன்றில் பால் மேயர் என்னும் பிரெஞ்சு அறிஞர் அச்சுவடியைக் கண்ணுற்றார். ஆயினும் அது வேறொருவர் கைக்குச் சென்றது. அதனை மறவாது தேடிய மேயர், இருபது ஆண்டுகள் கழித்து 1881-இல் மீண்டும் கண்டுபிடித்துப் பின்னர்ப் பதிப்பித்தார். குடும்பத்தார் எழுதுவித்த நூல் ஆதலின் அதன் புகழுரைகளை நாம் சற்று நிறுத்தே கொள்ளவேண்டும். எனினும், அரசாங்கப் பதிவேடுகளோடும் பிறர் எழுதிய வரலாறுகளோடும் ஒப்பிட்டுப் பார்க்குமிடத்து, நூலின் பெரும்பகுதி நம்பத் தகுந்ததாகவே காணப்படுகிறது.

கதை ஒரு தூக்கு மரத்தின் நிழலில் தொடங்குகிறது. 1135-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னன் முதலாம் ஹென்றி ஆண் வாரிசின்றி இறந்தான். அவனுடைய மகள் மட்டில்டா அரியணைக்கு உரிமை கோரினாள். அவனுடைய சகோதரி மகன் ஸ்டீபன் முந்திக்கொண்டு முடி சூடினான். இருவருக்கும் நிகழ்ந்த உள்நாட்டுப் போர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நாட்டை அலைக்கழித்தது. அரண்மனைக் குதிரை லாயத்தை மேற்பார்க்கும் அதிகாரிக்கு அந்நாளில் மார்ஷல் என்று பெயர். அப்பதவியைப் பரம்பரையாக வகித்த ஜான் என்பவன் மட்டில்டாவின் பக்கம் நின்றான். 1141-ஆம் ஆண்டில் எரிகின்ற தேவாலயம் ஒன்றினுள் பதுங்கி நின்றபோது, கூரையிலிருந்து உருகி வழிந்த ஈயம் பட்டு ஒரு கண்ணை இழந்தும், சரணடையாமல் தப்பியவன் அவன். அவனுக்கும் சாலிஸ்பரி பிரபுவின் தங்கை சிபிலுக்கும் 1147-ஐ ஒட்டிப் பிறந்தவனே நம் வில்லியம்.

1152-ஆம் ஆண்டில் ஸ்டீபன் மன்னன் நியூபரி என்னும் இடத்திலிருந்த ஜானின் கோட்டையை முற்றுகையிட்டான். கோட்டைக்குள் உணவு குறைந்தது. மட்டில்டாவைக் கலந்துகொண்டு சரணடைவதாகவும், அதுவரை போரை நிறுத்தவேண்டும் என்றும் ஜான் வேண்டினான். வாக்குத் தவறாமைக்குப் பிணையாகத் தன் பிள்ளைகளில் ஒருவனை மன்னனிடம் ஒப்படைத்தான். அவ்வாறு போனவன் வில்லியம். வயது ஐந்து அல்லது ஆறு. போர் நின்ற இடைவேளையில் ஜான் செய்தது என்ன? கோட்டைக்குள் புதிய படையையும் உணவையும் நிரப்பிக்கொண்டான்! பிள்ளையைத் தூக்கிலிடுவோம் என்று மன்னனின் ஆட்கள் அச்சுறுத்தியபோது, அவனினும் நல்ல பிள்ளைகளை அடித்து உருவாக்கத் தன்னிடம் சம்மட்டியும் பட்டடையும் உள்ளன என்று அவன் விடை அனுப்பியதாக நூல் கூறுகிறது.

தூக்கு மரத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட சிறுவனுக்கு அது மரணத்தின் வழி என்று தெரியவில்லை. அருகில் வந்த பிரபு ஒருவன் கையிலிருந்த ஈட்டியைக் கண்டு, விளையாடத் தரும்படி கேட்டானாம். ஸ்டீபனுடைய மனம் இளகிற்று. குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குத் திரும்பினான். பின்னொரு நாள், பூண்டுத் தண்டுகளைப் போர்வீரர்களாகப் பாவித்து, மன்னனும் சிறுவனும் தரையில் அமர்ந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள் என்றும் படிக்கிறோம். எதிரியின் மகனைக் கொல்ல மனமில்லாத மன்னன். சொந்த மகனைப் பணயம் வைக்கத் தயங்காத தந்தை! ஸ்டீபனின் இளகிய நெஞ்சத்தை அறிந்தே ஜான் அவ்வாறு சூதாடினான் என்று சமாதானம் கூறலாம். ஆயினும் பணயமாக வைக்கப்பட்டது ஒரு குழந்தையின் உயிர் அல்லவா? 1153-இல் இரு கட்சியாரும் உடன்பாடு கண்டனர். பிள்ளையும் வீடு வந்து சேர்ந்தான். கொடுத்த சொல் மீறப்பட்டால் அதன் விலையை யார் கொடுக்க நேரும் என்பதைத் தன் கழுத்தாலேயே அறிந்தவன் அவன். அவனது பிற்கால வாழ்வைக் காணும்போது இதனை நாம் மறத்தல் இயலாது.

ஜான் மார்ஷலுக்கு முதல் மனைவியிடம் இரு புதல்வர்; சிபிலிடம் நால்வர். நிலம் மூத்தவனுக்கே உரியது என்பது அந்நாட்டு வழக்கம். ஆறு பேரில் நான்காமவனாகிய வில்லியத்துக்குத் தந்தை விட்டுச் சென்றது ஒன்றும் இல்லை. ஆகவே பதின்மூன்று வயதளவில் அவனைக் கடல் கடந்து நார்மண்டிக்கு அனுப்பினார்கள். இன்று பிரான்சின் ஒரு பகுதியாகிய நார்மண்டி அந்நாளில் இங்கிலாந்து மன்னனின் ஆட்சியில் இருந்தது. தாயின் உறவினனாகிய டாங்கர்வில் பிரபுவின் வீட்டில் தங்கி அவன் படைத்தொழில் கற்றான். பிறந்த ஊரையும் பெற்ற தாயையும் விட்டு, உறவினர் ஒருவரின் தயவை நம்பிப் பிழைப்புத் தேடிப் புறப்படுவது எத்தகையது என்பதை நம்மில் பலருக்கு விரித்துக் கூறவேண்டியதில்லை. அவ்வீட்டார் அவனைச் சாப்பாட்டு ராமன் என்ற பொருளில் கேலிப்பெயர் இட்டு அழைத்தனர். பெரும்பொழுதை உண்பதிலும் உறங்குவதிலும் கழித்தான் என்பது அவர்கள் குறை.

1166 அல்லது 1167-ஆம் ஆண்டில் அவன் வீரப் பட்டம் பெற்று, டிரின்கூர் என்னும் ஊரில் முதற் போரைக் கண்டான். அஞ்சாது போரிட்டான், குதிரையையும் இழந்தான். அன்றிரவு விருந்தில் எசெக்ஸ் பிரபு அவனை அழைத்து, ஒரு பழைய குதிரைப் பட்டையாவது பரிசாகத் தரலாகாதா என்று கேட்டான். தன்னிடம் அப்படி ஒன்றும் இல்லை என்று இளைஞன் கள்ளமின்றிக் கூறவே, இன்று நாற்பது அறுபது குதிரைகளைக் கைப்பற்றியிருப்பாயே என்று அவன் சொல்ல, அவையோர் சிரித்தனர். தோற்றவனின் குதிரையும் கவசமும் மீட்புப் பணமும் வென்றவனைச் சேரும் என்பது அக்காலப் போரின் நியதி. வீரம் காட்டியவன் வருவாயை மறந்தான் என்பதே கேலியின் பொருள். இறுதியில் அவன் தன் மேலாடையை 22 ஷில்லிங்குக்கு விற்று, மட்டமான குதிரை ஒன்றை வாங்க நேர்ந்தது. பாடம் நெஞ்சில் பதிந்தது.

போர் இல்லாத காலங்களில் வீரர்களுக்கு வாழ்வளித்தவை டோர்னமெண்ட் எனப்பட்ட போர் விளையாட்டுகள். இருவர் எதிரெதிரே குதிரை செலுத்தி மோதும் பிற்காலக் காட்சி அன்று அது. இரு பெரும் அணிகள் வயலும் தோட்டமும் கடந்து நாள் முழுதும் மோதும். பிடிபட்டவன் பணம் கொடுத்து மீளவேண்டும். வில்லியமும் கோஜி ரோஜர் என்னும் வீரனும் கூட்டுச் சேர்ந்து, பத்து மாதங்களுக்குள் 103 வீரர்களைப் பிடித்ததாக அரண்மனைச் சமையற்கூடக் கணக்கன் குறித்து வைத்தான். ஒருமுறை ஷாம்பேன் நாட்டில், அன்றைய சிறந்த வீரனுக்கெனப் பெரிய மீன் ஒன்றைப் பரிசாக வைத்து, வில்லியத்தைத் தேடி அலைந்தார்கள். அவன் கொல்லன் உலைக்களத்தில் பட்டடைமேல் தலையை வைத்துக் கிடந்தான். அடிபட்டு நசுங்கிய தலைக்கவசத்தைக் கழற்ற இயலாமல், கொல்லன் சம்மட்டியாலும் இடுக்கியாலும் அதனை விடுவித்துக்கொண்டிருந்தான்!

இதற்கிடையே 1168-ஆம் ஆண்டில் தாய்மாமன் சாலிஸ்பரி பிரபுவோடு சென்றபோது, பகைவர் வழிமறித்து மாமனைக் கொன்றனர். வில்லியம் தொடையில் காயமுற்றுச் சிறைப்பட்டான். அவனை மீட்கப் பணம் கொடுத்தவள் இரண்டாம் ஹென்றியின் அரசி எலியனோர். பெற்ற தந்தை பணயம் வைத்த உயிருக்கு, உறவல்லாத ஒருத்தி விலை கொடுத்தாள். 1170-இல் மன்னன் தன் மூத்த மகன் இளைய ஹென்றிக்குத் தன் காலத்திலேயே முடி சூட்டியபோது, அவனுக்குப் படைக்கலம் பயிற்றும் பொறுப்பு வில்லியத்துக்குக் கிடைத்தது. இளையவன் தந்தையை எதிர்த்துக் கலகம் செய்தபோதும் அவன் உடன் நின்றான். 1183 ஜூன் மாதம் இளைய ஹென்றி நோயுற்று இறக்கும் தறுவாயில், தான் மேற்கொண்டும் நிறைவேற்றாத ஜெருசலேம் யாத்திரையைத் தனக்காக முடிக்குமாறு வேண்டினான். இறந்துவிட்ட ஒருவனுக்குத் தந்த வாக்கைக் காப்பாற்ற அவன் கடல் கடந்து புண்ணிய பூமிக்குச் சென்று, சுமார் இரண்டு ஆண்டுகளுக்குப்பின் திரும்பினான்.

1189-ஆம் ஆண்டு அவனது வாழ்வின் திருப்புமுனை. முதுமையும் நோயும் வாட்டிய இரண்டாம் ஹென்றியை எதிர்த்து, மற்றொரு மகன் ரிச்சர்ட் பிரெஞ்சு மன்னனோடு கூடிப் படையெடுத்தான். லெ மான் நகரிலிருந்து தந்தை தப்பியோட, மகன் துரத்தினான். பின்னணியைக் காத்து நின்ற வில்லியம் திரும்பிப் பாய்ந்தான். கவசமின்றி வந்த ரிச்சர்ட், தன்னைக் கொல்லுதல் தகாது என்று கூவினான். ஈட்டி ரிச்சர்டின் குதிரைமேல் இறங்கியது; துரத்தல் நின்றது. ஜூலை 6-இல் ஹென்றி இறந்தான். வேலைக்காரர்கள் உடலின்மேல் இருந்த உடையையும் பறித்துக்கொண்டு ஓடினர். அவ்வுடலை முறைப்படி அடக்கம் செய்ய நின்ற சிலருள் வில்லியம் ஒருவன்.

புதிய மன்னன் அந்த ரிச்சர்டே. அன்று தன்னைக் கொல்ல முயன்றாயே என்று அவன் கேட்டபோது, கொல்ல நினைத்திருந்தால் குதிரையைக் குத்திய கைக்கு மனிதனைக் குத்துவது அரிதன்று என்று வில்லியம் மறுமொழி கூறினான். ரிச்சர்ட் அவனைத் தண்டிக்கவில்லை. தோற்றுப்போன கிழ மன்னனைக் கடைசிவரை விடாதவன் தன்னையும் விடமாட்டான் என்று அவன் கணக்கிட்டிருத்தல் வேண்டும். தந்தை வாக்களித்திருந்த பரிசையும் உறுதிப்படுத்தினான். அப்பரிசு ஒரு பெண்.

அவள் பெயர் இசபெல் டி கிளேர். அப்போது வயது சுமார் பதினேழு. ஸ்ட்ராங்போ என்று பெயர் பெற்ற ரிச்சர்ட் டி கிளேருக்கும், அயர்லாந்தின் லீன்ஸ்டர் நாட்டு மன்னன் மகள் ஈஃபாவுக்கும் பிறந்தவள். வேல்ஸ் எல்லையில் செப்ஸ்டோ கோட்டையும் அயர்லாந்தில் லீன்ஸ்டரும் அவளுடைய உரிமைச் சொத்துக்கள். தந்தையற்ற பெரிய வீட்டுப் பெண்களை மன்னன் தன் காவலில் வைத்திருந்து, விரும்பியவனுக்கு மணம் செய்து கொடுப்பது அந்நாளைய வழக்கம். அவள் விருப்பத்தைக் கேட்பார் இல்லை. நாற்பதைக் கடந்த, காணி நிலமும் பெரிதாக இல்லாத ஒரு வீரன், ஒரே நாளில் நாட்டின் பெருஞ்செல்வர்களுள் ஒருவனானான். 1199-இல் ஜான் மன்னன் முடிசூடிய நாளில் பெம்புரோக் கோமகன் என்னும் பட்டமும் அவனைச் சேர்ந்தது. அவர்களுக்கு ஆண் மக்கள் ஐவர், பெண் மக்கள் ஐவர் பிறந்தனர்.

அவ்வளவு உயர்வும் மனைவி வழி வந்தது என்பதை வில்லியம் மறைத்ததில்லை. 1207-ஆம் ஆண்டில் ஜான் மன்னன் அவனை அயர்லாந்திலிருந்து திரும்ப அழைத்தபோது, கருவுற்றிருந்த இசபெல்லைத் தன் பிரபுக்களின் முன் நிறுத்தி, உங்கள் தலைவி இவளே, இவள் உரிமையினாலன்றி இங்கு எனக்கு எதுவும் இல்லை என்ற கருத்துப்படப் பேசி, அவளைக் காக்கும் கடமையை அவர்களிடம் விட்டுச் சென்றான். அவன் அகன்றதும் மன்னனின் அதிகாரியான மெய்லர் லீன்ஸ்டரைத் தாக்கினான். கில்கென்னியில் முற்றுகைக்குள் அகப்பட்ட இசபெல், கோட்டை மதிலிலிருந்து ஓர் ஆளைக் கயிற்றில் இறக்கி உதவிக்குச் செய்தி அனுப்பினாள். முடிவில் மெய்லரே அவளிடம் பணிந்து பிணை கொடுக்க நேர்ந்தது. ஒரு காலத்தில் பரிசாக வழங்கப்பட்டவள், பரிசு பெற்றவனின் சொத்தைக் காத்து நின்றாள்.

ஜான் மன்னன் எவரையும் நம்பாதவன். 1204-இல் நார்மண்டியைப் பிரெஞ்சு மன்னன் பிலிப்பிடம் அவன் இழந்தான். நார்மண்டியிலும் இங்கிலாந்திலும் நிலம் உடையவர் எந்த மன்னனுக்குப் பணிவது? வில்லியம் 1205-இல் தன் நார்மண்டி நிலத்துக்காகப் பிலிப்புக்கு விசுவாசப் பிரமாணம் செய்தான். ஜான் அனுமதித்தான் என்பது வில்லியத்தின் கட்சி. இவ்வளவுக்கு அன்று என்பது மன்னனின் கட்சி. ஈரிடத்தும் நிலத்தைக் காக்க நினைத்த அவனது செயல் முற்றும் மாசற்றது என்று நாமும் கூறமாட்டோம். சினந்த மன்னன் அவனுடைய மூத்த மகனைப் பிணையாகக் கேட்டு வாங்கினான். பின்னர் இரண்டாம் மகனையும் கேட்டான். தூக்கு மரத்தின் கீழ் நின்ற அச்சிறுவன் இன்று தந்தையாகித் தன் பிள்ளைகளைப் பிணை கொடுக்கிறான்! அவனுடைய ஆட்கள் சிலர் எதிர்த்துரைத்தும் அவன் கொடுத்தான். ஆனால் இவன் ஜானுக்கு எதிராகப் படை திரட்டவில்லை. அரசவையை விட்டு ஒதுங்கிக் காத்திருந்தான். 1212-ஐ ஒட்டி மன்னனுக்கு அவன் உதவி மீண்டும் தேவைப்பட்டபோது, பிள்ளைகள் உயிரோடு திரும்பினர். வாக்கைக் காத்தவனின் பிள்ளைகள் ஆதலின் அவர்களை விடுவிக்க ஸ்டீபனின் இரக்கம் தேவைப்படவில்லை.

1215 ஜூன் 15-ஆம் நாள் ரன்னிமீடு புல்வெளியில் ஜான் மன்னன் மாக்னா கார்ட்டா என்னும் மகாசாசனத்துக்கு இசைந்த வரலாறு பலரும் அறிந்தது. அந்நாளில் மார்ஷல் குடும்பம் இரு பக்கமும் நின்றது. மன்னனுக்கு ஆலோசனை கூறிய பிரபுக்களின் வரிசையில் தந்தையின் பெயர் முதலில் உள்ளது. சாசனத்தை மன்னன் மீறாதபடி காவல் புரிய அமைந்த இருபத்தைந்து பேரில் மூத்த மகன் ஒருவன். சில வாரங்களுக்குள், ஆகஸ்டு மாதத்தில், ஜானின் வேண்டுகோளுக்கு இணங்கிப் போப்பாண்டவர் சாசனத்தைச் செல்லாது என்று அறிவித்தார். மீண்டும் போர் மூண்டது. கலகப் பிரபுக்கள் பிரெஞ்சு இளவரசன் லூயியை அழைக்க, 1216 மே மாதம் அவன் படையோடு வந்து இறங்கினான். லண்டன் அவன் பக்கம் சேர்ந்தது. அந்நிலையில் அக்டோபர் மாதம் ஜான் நோயுற்று இறந்தான். எஞ்சியது ஒன்பது வயதுச் சிறுவன் ஹென்றி.

சிறுவனை அழைத்துவரப் போனவன் வில்லியம். வழியில் சந்தித்தபோது, கடவுளுக்கு அடுத்தபடி தன்னை அவனிடமே ஒப்படைப்பதாகச் சிறுவன் கூறி அழுதான். நின்றவர் அனைவரும் அழுதனர். லண்டன் பகைவர் வசம் இருந்தமையால் அக்டோபர் 28-இல் குளோஸ்டர் நகரில் முடிசூட்டு விழா நடந்தது. ராஜ்யத்தின் பாதுகாவலனாக யாரை நியமிப்பது? எல்லோர் பார்வையும் எழுபது வயதை எட்டிய வில்லியத்தின்மேல் விழுந்தது. முதுமையைக் காட்டி முதலில் அவன் மறுத்தான். கருவூலம் காலி, நாட்டின் பாதி எதிரியின் கையில். இறுதியில் ஏற்றுக்கொண்டு, அன்றிரவு தன் அணுக்கரிடம், எல்லோரும் கைவிட்டாலும் இச்சிறுவனைத் தோளில் சுமந்துகொண்டு தீவு தீவாகத் திரிவேன், பிச்சை எடுத்து உண்ண நேரினும் விடமாட்டேன் என்ற கருத்துப்படச் சொன்னான். எதிரிகளின் கூடாரத்தில் தனித்து நின்ற ஒரு சிறுவனை ஒரு மன்னன் வாரி எடுத்து அறுபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவன் செய்த முதற் பெருஞ்செயல் போர் அன்று. 1216 நவம்பர் 12-ஆம் நாள் பிரிஸ்டல் நகரில், ஜான் ஒதுக்கித் தள்ளிய அதே சாசனத்தை, சில பிரிவுகளை நீக்கி, மீண்டும் வெளியிட்டான். சிறுவன் ஹென்றிக்குச் சொந்த முத்திரை இல்லை. போப்பாண்டவரின் தூதர் குவாலாவின் முத்திரையும் வில்லியத்தின் முத்திரையுமே அதில் பொறிக்கப்பட்டன. கலகக்காரர்களின் கோரிக்கையை அரசாங்கமே தன் வாக்குறுதியாக ஏற்றபின், அவர்கள் அன்னிய இளவரசனுக்காகப் போரிடுவானேன்? ஒருவர் பின் ஒருவராகப் பலர் திரும்பினர். மூத்த மகனும் தந்தையிடம் வந்து சேர்ந்தான்.

1217 மே 20-இல் லிங்கன் நகரில் நிகழ்ந்த போரில், தலைக்கவசம் அணியவும் மறந்து பாயப் புறப்பட்ட கிழவனை அருகிலிருந்தோர் நினைவூட்டி நிறுத்தினராம். வெற்றி கிட்டியது. ஆயினும் அவ்வெற்றிக்குக் களங்கமும் உண்டு. படையினர் நகரத்தையும் தேவாலயங்களையும் சூறையாடினர். அஞ்சிப் படகுகளில் ஏறித் தப்ப முயன்ற பெண்களும் குழந்தைகளும் ஆற்றில் மூழ்கி மாண்டனர். ஆகஸ்டில் சாண்ட்விச் துறைக்கு அருகே பிரெஞ்சுக் கப்பற்படை முறியடிக்கப்பட்டது. செப்டம்பரில் உடன்படிக்கை செய்துகொண்டு லூயி நாடு திரும்பினான். போர் முடிந்தபின் சாசனம் எதற்கு என்று வில்லியம் அதனைக் கிழித்தெறியவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அதனை மீண்டும் வெளியிட்டு, காடுகளைப் பற்றிய தனிச் சாசனம் ஒன்றையும் உடன் வழங்கினான். ஆபத்தில் கொடுத்த வாக்கு ஆபத்து நீங்கியபின்னும் நின்றது. இங்கேதான் மகன் தந்தையிடமிருந்து முற்றிலும் வேறுபடுகிறான்.

1219-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் நோயுற்று, தேம்ஸ் கரையிலிருந்த காவர்ஷம் மாளிகையில் படுத்தான். சிறுவன் ஹென்றியைப் போப்பாண்டவரின் தூதரிடம் ஒப்படைத்தான். வீரர்களிடமிருந்து வாங்கிய மீட்புப் பொருள்களைத் திருப்பித் தந்தாலன்றி மோட்சம் இல்லை என்று கூறப்பட்டபோது, ஐந்நூறு வீரர்களைப் பிடித்தவன் எப்படித் திருப்புவது, அப்படியாயின் ஒருவருக்கும் மோட்சம் இல்லை என்று விடை தந்தான். விழா நாளில் தன் வீரர்களுக்கு அளிக்கும் ஆடைகளை விற்று ஆன்ம நலத்துக்குச் செலவிடலாம் என்றவனைக் கடிந்துகொண்டான். அவர்களுக்கு உரியது அவர்களைச் சேரவேண்டும் என்றான். ஒருநாள் பாட ஆசை எழுந்தது. ஆனால் பாட வெட்கம். பெண் மக்களை வரவழைத்துப் பாடச் செய்தான். இளையவள் ஜோன் தயங்கிப் பாடியபோது, எவ்வாறு பாடவேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தான். முன்பு மேற்கொண்ட விரதப்படி டெம்பிள் துறவுவீரர் சபையில் சேர்வதற்கு முன், அதன்பின் பெண்ணைத் தீண்டலாகாது ஆதலின், இசபெல்லை அழைத்து முத்தமிட்டு விடைபெற்றான், இருவரும் அழுதனர். மே 14-ஆம் நாள் உயிர் பிரிந்தது. அடுத்த ஆண்டு அவளும் மறைந்தாள்.

தந்தை தேடிய பெருஞ்சொத்து என்ன ஆயிற்று? ஐந்து புதல்வரும் ஒருவர் பின் ஒருவராகக் கோமகன் ஆயினர். ஐவரும் முறையான வாரிசின்றி மாண்டனர். மூத்தவன் வில்லியம் 1231-இல் இறந்தான். இரண்டாமவன் ரிச்சர்ட், தந்தை தோளில் சுமப்பேன் என்ற அதே ஹென்றி மன்னனோடு முரணி, 1234-இல் அயர்லாந்தில் காயமுற்று இறந்தான். மூன்றாமவன் கில்பர்ட், தந்தைக்கு வாழ்வளித்த டோர்னமெண்டிலேயே 1241-இல் குதிரையால் வீழ்ந்து மாண்டு, தந்தையின் அருகே அடக்கமானான். வால்ட்டர் 1245 நவம்பரிலும் ஆன்செல்ம் டிசம்பரிலும் மறைந்தனர். அயர்லாந்தில் பெர்ன்ஸ் மறைமாவட்டத்துக்குரிய இரண்டு பண்ணைகளை வில்லியம் கைப்பற்றித் திருப்பித் தர மறுத்ததால் அங்குள்ள பிஷப்பிட்ட சாபம் இது என்று மாத்யூ பாரிஸ் என்னும் துறவி எழுதினார். சாபத்தை நம்புவதும் நம்பாததும் ஒருபுறம் இருக்க, திரும்பக் கொடுக்காத நிலம் ஒன்று அவன் கணக்கில் நின்றதை நாம் மறைக்கவேண்டியதில்லை.

ஆண் வழி அற்றது; குடும்பம் அற்றுவிடவில்லை. ஐந்து பெண் மக்களுக்கும் சொத்து பிரிந்தது. லீன்ஸ்டர் ஐந்து பங்காயிற்று. மூத்தவள் மாடின் வழியே மார்ஷல் பதவி அவள் மகனைச் சேர்ந்தது. இரண்டாம் மகள் இசபெல்லின் பேரனுக்கு மகனாகப் பிறந்த ராபர்ட் புரூஸ், ஸ்காட்லாந்தின் விடுதலைக்குப் போராடி மன்னனானான். இல்லத்தின் பெயரைக் காக்கப் புதல்வர்களையே நம்பிய காலத்தில், குருதியைக் காத்தவர்கள் படுக்கையருகே நின்று பாடிய பெண்கள்.

அவன் முத்திரையிட்ட சாசனமோ அவனது பரம்பரையினும் நீண்ட ஆயுள் பெற்றது. நாட்டுச் சட்டப்படியன்றி எந்தச் சுதந்திர மனிதனையும் சிறையிடலாகாது என்னும் அதன் பிரிவு, ஆங்கிலச் சட்டத்தின் வழியே உலகின் பல பகுதிகளுக்கும் பரவியது. சட்டம் வகுத்த முறைப்படியன்றி ஒருவரின் உயிரையோ உடற் சுதந்திரத்தையோ பறிக்கலாகாது என்று கூறும் நம் அரசியல் சாசனத்தின் 21-ஆவது விதியிலும் அதன் எதிரொலியைக் கேட்கிறோம். 1215-இல் எழுதப்பட்ட சொல், 1216-இல் ஒரு கிழவன் தன் பெயரைப் பிணை வைத்திராவிடில், செல்லாக் காசாய்ப் போயிருத்தல் கூடும்.

லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் கிடக்கும் கல் உருவத்தின் முகம் தேய்ந்துவிட்டது. அருகிலுள்ள மன்றங்களில் இன்றும் இளைஞர்கள் சட்டம் பயில்கிறார்கள். கொடுத்த சொல்லுக்கு ஈடாக நிற்பது எப்படி என்பதை ஐந்து வயதில் தூக்கு மரத்தடியில் கற்றவன், அவர்கள் கற்கும் சட்டத்துக்கே ஈடாக நின்றவன், அங்கே அமைதியாக உறங்குகிறான்.